பிழை பொறுக்கும் கிளாஸ்கள்: புதியோர்க்கு ஒரு சிற்றிலக்கணம்

பாயிரம்

விளையாட்டில் கதாபாத்திரத்தின் வகையைக் குறிக்கும் கிளாஸ் என்னும் கருத்துக்கு முதல்நூல் 1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதில் இருந்தவை மூன்றே: போராளி, மந்திரவாதி, மதகுரு. முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரு மந்திரம். மதகுருவுக்கு அதுவும் இல்லை. ‘புதியவருக்கு எது ஏற்றது?’ என்ற கேள்வி அக்காலத்தில் எழவில்லை. எழுப்பும் முன் புதியவர் இறந்திருப்பார்.

கேள்வி வலுத்தது ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் இணைய ஆட்டத்தின் காலத்தில். 2004 நவம்பரில் அது வந்தபோது கிளாஸ்கள் 9, இன்று 13. மூலத்தை ஆராயாமல் சேர்க்கையைப் பேசுதல் முறையன்று என்பதால் இந்நூல் அந்த ஒன்பதோடு நிற்கும். 2019-இல் ‘கிளாசிக்’ என்ற பெயரில் பழைய ஆட்டத்தையே மறுபடி திறந்துவிட்டார்கள். எனவே வழக்கொழிந்ததற்கு இலக்கணம் செய்தான் என்ற பழி இவ்வாசிரியனைச் சாராது.

அடி தாங்கும் டேங்க், காயம் ஆற்றும் ஹீலர், எதிரியை அடிக்கும் டிபிஎஸ் என மூன்றாகப் பிரிப்பது முன்னோர் நெறி. அது வேலையை வைத்துப் பிரித்த பகுப்பு. புதியவருக்கோ வேலை தெரியாது. அவர் தவறாமல் செய்வது தப்பு ஒன்றைத்தான். ஆகவே, தப்புக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதே ஈண்டுப் பகுப்புக்கு அடிப்படை என்க.

வகை

கிளாஸ்கள் நால்வகைப்படும்: பிழையைப் பிறர்மேல் ஏற்றுவன, பிழையை விட்டு ஓடுவன, பிழையைத் தாங்கி நீட்டுவன, பிழையைத் தானே சுமப்பன.

விரி

ஏற்றுவன இரண்டு: ஹன்டர், வார்லாக். ஹன்டர் 10-ஆம் லெவலில் ஒரு விலங்கைப் பழக்கிக்கொள்கிறார். அதன்பின் அடி வாங்குவது கரடி, அம்பு விடுவது இவர். அதற்குமுன் ஒன்பது லெவலும் துணையின்றித் திரிந்ததை எந்த ஹன்டரும் பேசுவதில்லை. கரடிக்கு வேளாவேளைக்குத் தீனி போட வேண்டும். மனம் கோணினால் அது விட்டுப் போய்விடும். அம்பும் காசு கொடுத்து வாங்குவதே. இன்னொரு குறையும் உண்டு: எதிரி எட்டு கஜத்துக்குள் வந்தால் வில் எய்யாது, ஐந்து கஜத்துக்கு அப்பால் நின்றால் கத்தி எட்டாது. இடைப்பட்ட மூன்று கஜத்தில் ஹன்டர் வெறும் பார்வையாளர்.

வார்லாக்கும் 10-ஆம் லெவலில் வாய்ட்வாக்கர் என்ற பூதத்தை முன்னே நிறுத்தித் தான் பின்னே நிற்பவரே. வேறுபாடு யாதெனின், இவர் எதிரியின் உயிரைத் துண்டுகளாகச் சேமிக்கிறார். ஒவ்வொரு துண்டும் பையில் ஓரிடம் பிடிக்கும். புதியவரின் பை முன்னமே கிழிந்த தோலும் உடைந்த பல்லும் நிறைந்தது. ஆதலின் ஹன்டரைவிட ஒரு படி கீழே வைக்கப்பட்டார்.

ஓடுவனவும் இரண்டு: மேஜ், ரோக். மேஜ் ஓர் எதிரியை ஆடாக்குவார், இன்னொன்றைக் காலோடு பனியில் உறையவைப்பார், பிறகு ஓடுவார். ஆடான எதிரிக்கு மேய்ச்சலிலேயே காயம் ஆறிவிடுவதை முதல்முறை பார்ப்பவர் வருந்துவர். ஆனாலும் குடிநீரும் ரொட்டியும் தானே வரவழைக்கும் கிளாஸ் இது ஒன்றே. விளைவு, லெவல் ஏற ஏற அவர் ஊருக்கெல்லாம் தண்ணீர்ப் பந்தல் ஆகிறார். முகம் தெரியாதவர்கள் வந்து வணக்கமும் சொல்லாமல் தண்ணீர் கேட்பர். ரோக் மறைந்து சென்று முதுகில் குத்துபவர். எதிரி திரும்பிவிட்டால் இலக்கணம் முடிந்தது.

நீட்டுவன நான்கு: பாலடின், பிரீஸ்ட், ஷாமன், டிரூயிட். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளல் இவற்றின் பொது இயல்பு. இவர்கள் ஒரு பன்றியைக் கொல்ல ஆகும் நேரத்தில் ஹன்டர் மூன்றைக் கொல்வார்; ஆனால் பன்றியால் இவர்களைக் கொல்வது அரிது. இவற்றுள் பாலடின் தலை. ஆபத்து வந்தால் ஒளிக்கூட்டுக்குள் புகுந்து, பத்து நொடியில் வேலை செய்யும் ஹார்த்ஸ்டோனைத் தட்டி, தங்கும் விடுதிக்குப் போய்ச் சேர்வது இவர்கள் பெருமை. 2005-இல் உலகம் முழுதும் பரவிய வீடியோவில், தோழர்கள் திட்டம் வகுத்துக்கொண்டிருக்கத் தன் பெயரைக் கத்தியபடி உள்ளே ஓடி அனைவரும் சாகக் காரணமான லீராய் ஜென்கின்ஸும் பாலடினே. பிழை பொறுக்கும் கிளாஸ் பிழையை வளர்க்கவும் செய்யும் என்பதற்கு இது சான்று.

சுமப்பது ஒன்று: வாரியர். அடித்தாலோ அடிபட்டாலோதான் இவருக்குச் சினம் ஏறும். சினம் இருந்தால்தான் கைவரிசை. வீச்சு தவறினால் சினமும் இல்லை. காயத்தை ஆற்ற மந்திரம் கிடையாது, கட்டுத்துணியும் ரொட்டியும் உண்டு. முர்லாக் என்னும் மீன்மனிதன் ஒன்றே என்று நம்பி நெருங்கி, நான்கு முர்லாக் கண்டு, சுடுகாட்டிலிருந்து ஆவியாக ஓடிவந்து தன் பிணத்தைத் தேடுபவர் பெரும்பாலும் வாரியரே. ஒவ்வொரு சாவிலும் கவசம் பத்தில் ஒரு பங்கு தேயும். அதைச் செப்பனிடும் காசும் அவருடையதே.

தடையும் விடையும்

அற்றேல் ஹன்டரே விடை, நூல் முடிந்தது என்பார்க்கு: தனியே ஆடும்வரை அது ஒக்கும். டன்ஜன் என்னும் நிலவறைக்குள் ஐவர் புகும்போது ஒவ்வாது. பிழை அழிவதில்லை, இடம் மாறுகிறது. கரடி சுமந்ததை இனி நால்வர் சுமப்பர். மேடும் பள்ளமும் நிறைந்த டன்ஜனில் ஹன்டர் மேலிருந்து கீழே குதிக்கிறார். கரடிக்குக் குதிக்கத் தெரியாது. சுற்றுவழியில் ஓடி, வழியிலிருந்த அனைவரையும் எழுப்பிக் கூட்டிவருகிறது. ஹன்டர் 30-ஆம் லெவலில் கற்ற வித்தையால் செத்ததுபோல் படுத்துக்கொள்கிறார். மற்றவர் சாவதுபோல் நடிப்பதில்லை.

பெரிய சான்றும் உண்டு. 2005 செப்டம்பரில் ஸுல்குரூப் என்னும் இடத்து அரக்கன் ஹக்கார் பரப்பிய இரத்த நோய், வளர்ப்பு விலங்குகளோடு ஒட்டிக்கொண்டு நகரங்களுக்கு வந்து, லெவல் குறைந்தவர்களைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது. 2007-இல் அதைப் பற்றி மருத்துவ ஆய்விதழ்களில் எழுதினார்கள். வாரியரின் பிழையைப் பற்றி அப்படி எழுதியவர் இலர். அது அவரோடே புதைந்துவிடுகிறது.

ஆக, தொடங்கும்போது இனிய கிளாஸ் பிறகு தோழர்க்குக் கசக்கும். அடிபட்டே வளர்ந்த வாரியர் எத்தனை எதிரியைத் தாங்கலாம் என்பதை உடம்பால் அறிந்திருப்பார். அத்தகையோர் அரிது என்பதை ஆட்டத்தை ஆக்கியோரே ஒப்புக்கொண்டனர்: 2011-இல், பற்றாக்குறையான பொறுப்பை ஏற்று வருபவருக்குப் பரிசுப் பை கொடுக்கும் முறை வந்தது. பெரும்பாலும் பை பெற்றது டேங்க்.

புறனடை

ஒன்று: தனியே ஆடுபவர் ஹன்டர் எடுக்க. இரண்டு: கூடவே ஆடப் பொறுமையுள்ள நண்பர் இருப்பின் வாரியர் எடுக்க, நண்பர் பிரீஸ்ட் எடுக்க. மூன்று: கோபக்கார நண்பர் இருப்பின் பாலடின் எடுத்து, ஹார்த்ஸ்டோனைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க. நான்கு: ஒரே சாவில் கதாபாத்திரமே முடிந்துபோகும் ‘ஹார்ட்கோர்’ சர்வரை 2023-இல் திறந்தார்கள், அங்கே புதியவருக்கு ஏற்ற கிளாஸ், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

இவற்றையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தொப்பி அழகாயிருக்கிறது என்று ஒன்றை எடுப்பவரை இந்நூல் தடுக்காது. அறுபது லெவலும் அந்த முதுகைத்தான் அவர் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும்.