அடுத்த வீட்டு நாயின் விலா எலும்புகள்: சென்னை அடுக்குமாடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தன் வீட்டு நாயைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டால் அது கால்நடை மருத்துவத்தில் அடங்கும். அடுத்த வீட்டு நாயைப் பற்றிக் கவலைப்பட்டால் அது எந்தத் துறை என்பது இன்றுவரை முடிவாகவில்லை. சமூகவியலார் அதை உளவியலார் பக்கம் தள்ளிவிடுவார்கள். உளவியலாரோ நாயை விட்டுவிட்டு நம் பால்ய காலத்தைக் கிளறுவார்கள். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் நாயில்லாமல் கவலையை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு அங்கே சீட்டு எழுத மாட்டார்கள். இப்படி மூன்று துறைகளுக்கு நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை சென்னை நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள். கிராமங்கள் சேர்க்கப்படவில்லை. அங்கே பக்கத்து வீட்டுக் கோழி அந்தி சாய்ந்தும் அடையவில்லை என்றால், கண்ட பெண்மணி அதைப் பிடித்துத் தன் வீட்டுப் பஞ்சாரத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, “ஏய், உன் கோழி இங்க இருக்கு” என்று ஒரு குரல் கொடுத்துவிடுவாள். கவலை முளைவிடுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. இத்தகைய சூழல் ஆய்வுக்கு உதவாது. கவலை செழித்து வளர இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர் வேண்டும். சத்தம் வர வேண்டும், ஆள் போகக் கூடாது. நாலரை அங்குலச் செங்கல் சுவரைவிட இதற்குப் பொருத்தமானது எதுவுமில்லை.

தரவு சேகரிக்கும் முறைகளில் தலையாயது விலா எண்ணுதல். லிஃப்டில் தரைத்தளம் வந்து சேர்வதற்குள், பக்கத்து வீட்டு நாயின் பக்கவாட்டில் தெரியும் எலும்புகளை ஓரக்கண்ணால் எண்ணி, அதிலிருந்து அந்தக் குடும்பத்தின் மனிதாபிமானத்தைக் கணக்கிடுவது. இதில் பெரும் அநீதிக்கு ஆளாவது சிப்பிப்பாறை. தென்மாவட்டத்து முயல் வேட்டை நாய் அது. ஒட்டிய வயிறு, நீண்ட முகம், மெலிந்த கால், மேலே எண்ணத் தோதாக விலா. ஓடுவதற்கென்றே வாய்த்த வாகு. கன்னி நாய்க்கும் ஏறத்தாழ இதே உடற்கட்டுதான். ஆனால் மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம் சிப்பிப்பாறை வளர்த்தால், இரண்டாவது மாடி ஆன்ட்டியின் கண்ணில் அது பட்டினி போடப்பட்ட ஜீவன். “பாவம், என்ன போடறாங்களோ தெரியல. நேத்து அவங்க வீட்ல பிரியாணி. இதுக்கு ஒரு எலும்பாவது போட்டாங்களான்னு கேட்கணும்” என்பார். சமைத்த கோழி எலும்பு கூராகச் சிலும்பி நாயின் குடலைக் கிழிக்கக்கூடியது. பிரியாணியில் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ஆகவே ஆன்ட்டியின் கருணை செயலுக்கு வராமல் கவலையாகவே நின்றுவிட்டது நாய் செய்த புண்ணியம்.

நான்காவது மாடியில் ஒரு லாப்ரடார். விலாவும் தெரியாது, இடுப்பும் தெரியாது. படியேறினால் முதல் வளைவில் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், “நல்லா வெச்சிருக்காங்க” என்கிறார்கள். லாப்ரடார்களில் ஒரு பகுதிக்குப் பசி அடங்காமல் இருப்பதற்குக் காரணமான மரபணுக் குறை உண்டு என்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த மரபணுவோடு நான்காவது மாடித் தாத்தாவின் கையில் இருக்கும் மேரி பிஸ்கட் பாக்கெட்டும் சேர்ந்தால் மூட்டு என்ன ஆகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். நாயின் மேல் கை வைத்தால் விலா தட்டுப்பட வேண்டும். தேடித்தான் பிடிக்க வேண்டுமென்றால் எடை கூடிவிட்டது என்பதுதான் கால்நடை மருத்துவர்களின் கணக்கு. அந்தக் கணக்குப்படி கட்டடத்தில் கவலைக்குரிய நாய் ஒன்றே ஒன்று. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இதிலிருந்து நம் முதல் விதி பெறப்படுகிறது: கவலையின் அளவுக்கும் துன்பத்தின் அளவுக்கும் தொடர்பு கிடையாது. கவலைக்குத் தொடர்பு கண்ணோடும் காதோடும் மட்டுமே.

காதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒலியெழுப்பும் பிராணிக்குக் கவலை தாராளமாகக் கிடைக்கிறது. வாய் திறக்காத பிராணியை எவரும் சீந்துவதில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் சுற்றிச் சுற்றி வரும் தங்கமீனை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தொட்டியும் வடிகட்டியும் இருந்தால் பத்து வருஷத்துக்கு மேலும் வாழக்கூடிய மீன் அது. கிண்ணத்தில் தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சில மாதங்களில் செத்துப்போகிறது. கொளத்தூருக்கு ஆள் போய் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்து, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் கிண்ணத்தில் விட்டாகிவிடும். பெயரும் அதேதான். “உங்க மீன் ராத்திரியெல்லாம் கஷ்டப்பட்டுது சார்” என்று எந்த அண்டை வீட்டாரும் காலிங் பெல்லை அழுத்தியதில்லை.

கிளியின் கதை இன்னும் விநோதம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கட்டடத்தில் சட்டம் தெளிவாகத் தலையிடக்கூடிய ஒரே பிராணி இதுதான். ஆனால் அது “அக்கா, சாப்டியா?” என்று கேட்டுவிடுகிறது. நம்மைப் பற்றிக் கவலைப்படும் ஜீவனைப் பற்றி நாம் எப்படிக் கவலைப்படுவது? மிளகாய்ப்பழம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

ஹஸ்கி விஷயத்தில் மட்டும் கவலையாளர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது ஆய்வாளரின் கருத்து. சைபீரியப் பனிக்கு ஏற்றபடி இரட்டை அடுக்கு ரோமத்தோடு பிறந்த நாய். பாதத்தைத் தவிர வேறெங்கும் அதற்கு வியர்வை பயன்படாது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதை அக்னி நட்சத்திரத்தில் அண்ணா நகர் தார்ச்சாலையில் பகல் பதினொரு மணிக்கு நடத்திக் கூட்டிப்போகிறவரைக் கண்டால் கவலைப்படாதவர்தான் சிகிச்சைக்குரியவர். ஹஸ்கி வீட்டின் ஏசி ஓடுகிறதா என்று நடுராத்திரியில் வெளியே தொங்கும் கம்ப்ரஸரின் உறுமலைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு தூங்கப் போகிறவர்கள் உண்டு. இவர்களில் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஆய்வு திசை மாறியது. “ஏசி ஓடுது சார், அதுல குறையில்ல. நாயும் பையனும் உள்ள படுக்கறாங்க. அந்தப் பாட்டிதான் ஹால்ல ஃபேன்ல படுத்திருக்கு” என்றார்.

அந்தப் பாட்டியைப் பற்றி அவர் அந்த வீட்டில் கேட்டிருக்கிறாரா? கேட்க முடியுமா? “உங்க அம்மாவுக்கு ஏசி ரூம் கொடுக்கக் கூடாதா?” என்று ஒருவர் கேட்டால் அன்றோடு காபிப்பொடி இரவல் முடிந்தது. “ஹஸ்கிக்கு ஹால்ல வெக்கையா இருக்காதா?” என்று கேட்கலாம். ஹால் வெக்கை என்ற செய்தி உள்ளே போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டாவது விதியும் இக்கட்டுரையின் மையக் கருதுகோளும் இதுவே: ஒரு வீட்டில் நலம் விசாரிக்கத் தடையில்லாத உறுப்பினர் நாய் ஒன்றுதான். கணவன் மனைவி சண்டை, மருமகள் ஊருக்குப் போய்த் திரும்பாதது, அப்பாவுக்கு வேலை போனது, இரவெல்லாம் விளக்கு எரிவது — எதையும் வாசலில் நின்று கேட்க முடியாது. ஆனால் “என்ன தம்பி, ராத்திரி ஜிம்மி விடாம குரைச்சுதே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்கலாம். தம்பி, “ஒண்ணுமில்ல ஆன்ட்டி, இடிச் சத்தத்துக்குப் பயந்துடுச்சு” என்பான். அன்று இடி இடிக்கவில்லை. அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் விசாரித்தாகிவிட்டது, பதிலும் சொல்லியாகிவிட்டது. மறுநாள் ஆன்ட்டி நாய்க்கென்று ஒரு கிண்ணம் தயிர்சாதம் கொடுத்தனுப்புவார். அதில் தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் மாதுளை முத்தும் இருக்கும். நாய்க்குக் கொடுக்கும் சாதத்தில் மாதுளை எதற்கு என்று எந்தத் தம்பியும் கேட்டதில்லை.

இந்த வழக்கம் புதியதா பழையதா என்று பார்க்கச் சங்க காலம் வரை போக வேண்டியிருக்கிறது. தனக்குச் சொந்தமில்லாத பிராணியின் நலன் குறித்துக் கவலைப்பட்டவர்களில் தமிழுக்கு நன்கு தெரிந்த முதல் ஆள் வையாவிக் கோப்பெரும் பேகன். மலைச்சாரலில் மயிலொன்று நிற்பதைக் கண்டு, குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான். கடையெழு வள்ளல்களில் இடம் பிடித்தான். பறவையியல் கண்ணோடு பார்த்தால் நிலைமை வேறு. மழைக்கால மயில் தோகையை விரிப்பதும், அதைச் சிலிர்த்து நடுங்கவிடுவதும், அகவுவதும் பெட்டையை ஈர்ப்பதற்காக. மேலே வேறு எண்ணெய்ப் பசையுள்ள இறகு. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து தோகையின் மேல் துணியைப் போர்த்தினால், அது குளிருக்குச் செய்த உதவியா, நடந்துகொண்டிருந்த பெண் பார்க்கும் படலத்தைக் கெடுத்த காரியமா என்பது விவாதத்துக்குரியது. மயிலின் வாக்குமூலம் நம்மிடம் இல்லை.

பள்ளிப் பாடம் போர்வையோடு நின்றுவிடுகிறது. புறநானூறு நிற்கவில்லை. இதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்துகொண்டிருந்தான். அதற்காகக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் என நான்கு புலவர்கள் அவனிடம் போய்ப் பாடியிருக்கிறார்கள். 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் அவை. பரிசு வேண்டாம், தேரைப் பூட்டி வீட்டுக்குப் போ என்பதுதான் கோரிக்கையின் சாரம். பரணர் ஒரு படி மேலே போய், 145ஆம் பாட்டில் மயிலுக்குப் போர்வை கொடுத்ததை முதலில் பாராட்டிவிட்டு, அடுத்த மூச்சில் மனைவியின் துயரத்துக்கு வந்துவிடுகிறார். மயிலை வாசற்படியாக வைத்து வீட்டுக்குள் நுழையும் உத்தியை அவரே கையாண்டிருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. வித்தியாசம், பரணர் உள்ளே நுழைந்துவிட்டார். நாம் வாசற்படியிலேயே நின்று நாயைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தின் நிலையையும் பார்த்துவிடலாம். இந்தப் பொருளில் நாடாளுமன்றத்தைப் பேச வைத்தவர் சென்னைக்காரர். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து தொடங்கிவைத்த முயற்சியின் தொடர்ச்சிதான் 1960இல் வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962இல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்தால் இரண்டாவது மாடி ஆன்ட்டி உட்கார்ந்து எழுதியது போலிருக்கும். நாயை நியாயமற்ற அளவு குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது குற்றம். கட்டியே வைத்திருக்கும் நாயை வெளியே அழைத்துப்போய் நடமாட விடாததும் குற்றம். உணவும் நீரும் இடமும் போதுமான அளவு தராததும் குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும். ஒரு காலத்தில் அது காசுதான். சென்னை மாநகராட்சியில் நாய் வளர்க்க ஆண்டு உரிமக் கட்டணமும் 50 ரூபாயாக இருந்ததுண்டு. வளர்ப்பதற்கும் ஐம்பது, வதைப்பதற்கும் ஐம்பது என்று விலையைச் சமமாக வைத்திருந்ததில் ஓர் அத்வைதம் இருந்தது.

அதனால்தான் கவலையாளர் சட்டத்தை நாடுவதில்லை. 1959இல் இதே ஊரில் தோன்றிய பிராணிகள் நல அமைப்பான புளூ கிராஸின் பெயரைச் சொல்லி, “போன் பண்ணிடுவேன்” என்று வாட்ச்மேனிடம் மட்டும் சொல்லிவைப்பார். வாட்ச்மேன் மாடிக்குச் சொல்வார். மாடியில் அன்று மாலை நாய்க்கு ஒரு சுற்று கூடுதலாகக் கிடைக்கும். 11ஆம் பிரிவு சாதிக்காததை வாட்ச்மேன் சாதிக்கிறார்.

கடைசியாகச் சாவிச் சோதனை. ஒருவருடைய கவலை அசல்தானா என்று அறிய இதைவிட நம்பகமான கருவி கிடையாது. சிப்பிப்பாறைக் குடும்பம் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் தூத்துக்குடி போக வேண்டியிருந்தது. நேராக இரண்டாவது மாடிக்கு இறங்கி வந்து, “ஆன்ட்டி, நீங்கதான் வீரா மேல உயிரா இருப்பீங்க” என்று சாவியைக் கையில் வைத்துவிட்டார்கள். கூடவே ஒரு தாள்: காலை ஐந்தரைக்கும் ராத்திரி பத்துக்கும் கீழே கூட்டிப்போக வேண்டும், உப்பில்லாமல் சாதமும் முட்டையும், மாத்திரையை இட்லிக்குள் மறைத்துக் கொடுக்க வேண்டும், இட்லியை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினால் மறுபடியும்.

முதல் நாள் ஐந்தரைக்கே ஆன்ட்டி கீழே இறங்கினார். இரண்டாம் நாள் ஏழரை ஆயிற்று. மூன்றாம் நாள், நாய் ஓநாய் வம்சம், ஓநாய்க்குத் தினமும் இரை கிடைக்காது, ஒரு வேளை வயிற்றைக் காயப்போடுவது நல்லது என்ற உண்மைகள் அவருக்கு வரிசையாகத் தெரியவந்தன. அன்று மாலை லிஃப்டில் நான்காவது மாடித் தாத்தா ஏறினார். வீராவின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று ஆன்ட்டிக்குப் புரிந்துவிட்டது.

“என்னம்மா, நீங்கதான் பார்த்துக்கறீங்களாமே. எலும்பெல்லாம் தெரியுதே?”

“அது வேட்டை நாய் சார்” என்றார் ஆன்ட்டி. “அந்த ஜாதிக்கு வாகே அப்படித்தான்.”