கோடியக்கரையில் இயற்கை தரிசனம்

1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கோடியக்கரையில் காலாற நடந்து, இயற்கையின் சௌந்தரியத்தைப் பிரத்தியட்சமாகத் தரிசிக்கவேண்டும் என்னும் மகோன்னத நோக்கத்தோடு, புளியோதரைத் தூக்கும் பாட்டுப் பெட்டியும் சகிதமாக எழுந்தருளும் குடும்பங்களைக் கண்டதும் வெளிமான்கள் காதத் தொலைவுக்கு ஓடிவிடுவது, அவற்றின் கூச்சத்தாலன்று, விவேகத்தாலேயே என்று கருதவேண்டியிருக்கிறது. சேற்றுநீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, நுண்பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டி உண்பதனாலேயே செந்நிறம் பெறும் பூநாரையைக் குடும்பத் தலைவர் "கொக்கு" என்று திட்டவட்டமாக நிர்ணயம் செய்ய, அதை மறுத்த ஆறாம் வகுப்புப் புத்திரி, "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்னும் சனாதன சாஸ்திரத்தால் அடக்கப்படுகிறாள். பின்னர் அனைவரும் பறவைகளுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்ள, இயற்கையும் அவர்களுக்குப் பின்னணியாக நிற்கும் பாக்கியத்தை அடைகிறது.