முற்போக்குச் சிபாரிசும் மாடி வீட்டு வாடகையும்

நான் ஒரு முற்போக்குவாதி. வெளியில் நாலு பேர் இதை நம்புகிறார்கள். வீட்டில் நம்புவோர் யாராவது உண்டா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் ஒரு குடித்தனம். வீட்டுக்காரன் முற்போக்குவாதியாக இருப்பதன் சங்கடம் மாதம் பிறந்தால் தெரிந்துவிடும். உலகத்து வாடகைக் குடித்தனக்காரர்கள் அனைவரும் விடுதலை பெற வேண்டும், எங்கள் மாடி நீங்கலாக.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஜனாதிபதி தேர்தல் சுலபம். ஓட்டுப் போட ஒருவர், திட்டுவதற்கு ஒருவர், தீர்ந்தது கதை. உள்ளூர்த் தேர்தல்தான் ஆளை அம்பலப்படுத்தும். 2025 ஜூன் 24-ல் நடந்த ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், மேயர் பதவிக்கு மட்டும் 11 பெயர்கள். அப்புறம் பப்ளிக் அட்வகேட், கம்ப்ட்ரோலர், நகர சபை உறுப்பினர் என்று வரிசை நீளும். "கம்ப்ட்ரோலர் என்ன பண்ணுவார்ப்பா?" என்று மகள் கேட்டாள். "நகரத்தின் வரவு செலவைக் கண்காணித்து, எங்கே பணம் வீணாகிறதென்று சொல்வார்" என்றேன். "அது நம்ம வீட்ல அம்மாதானே?" என்றாள். மேற்கொண்டு அரசியல் விளக்கம் தேவைப்படவில்லை.

போதாக்குறைக்கு, பிரைமரியில் ஒரே ஒருவருக்கு ஓட்டுப் போடுவதோடு வேலை முடிவதில்லை. 2019-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய முறைப்படி, ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். நம் முதல் ஆள் வெளியேறினால் நம் ஓட்டு இரண்டாம் ஆளுக்குப் போகும். இப்படியே கீழே இறங்கும். வாக்குச்சீட்டில் வங்காள மொழி உண்டு, தமிழ் கிடையாது. அஸ்டோரியாவின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த மேயர் வேட்பாளர் ஸோரான் மம்தானி, மாம்பழ லஸ்ஸி டம்ளர்களை அடுக்கி வைத்து இந்த முறையை இந்தியில் விளக்கி ஒரு வீடியோ போட்டார். "நீர்மோரை வச்சு சொல்லியிருந்தா நமக்கும் விளங்கியிருக்கும்" என்றாள் என் மனைவி.

ஆக, ஐந்து பெயர் வேண்டும். எனக்குத் தெரிந்தவை இரண்டு. மிச்சத்துக்குத்தான் முற்போக்கு அமைப்புகளின் சிபாரிசுப் பட்டியல். கொள்கைப்படி ஆராய்ந்து ஓட்டுப் போடுகிறேன் என்று நண்பர்களிடம் நான் சொல்வதெல்லாம் இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

பட்டியலை நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2021 மேயர் பிரைமரிக்கு வொர்க்கிங் ஃபேமிலிஸ் என்ற முற்போக்குக் கட்சி முதலில் ஸ்காட் ஸ்ட்ரிங்கர், அடுத்து டயான் மொராலஸ், மூன்றாவதாக மாயா வைலி என்று அறிவித்தது. சில வாரங்களில் ஸ்ட்ரிங்கர் மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. அவர் மறுத்தார், ஆனாலும் கட்சி ஆதரவை வாபஸ் வாங்கியது. பிறகு மொராலஸின் பிரசாரக் குழுவினரே அவருக்கு எதிராகக் கொடி பிடித்தார்கள். மிஞ்சியவர் வைலி. எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை மனைவி அடித்து அடித்து எழுதியதில், கடைசியில் அதில் துவரம்பருப்பும் புளியும்தான் அடிபடாமல் நின்றன. அந்தத் தேர்தலில் எரிக் ஆடம்ஸ், கேத்ரின் கார்சியாவை 7,197 வாக்கு வித்தியாசத்தில் முந்தினார். முற்போக்குத் தரப்பு மூன்றாம் இடத்தோடு வீடு திரும்பியது.

அந்த அனுபவம் 2025-ல் வேலை செய்தது. வொர்க்கிங் ஃபேமிலிஸ் கட்சி மம்தானி, பிராட் லேண்டர், ஏட்ரியன் ஆடம்ஸ், ஸெல்னர் மைரி என்று வரிசை கொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் கொடுத்த வரிசையில் மம்தானிக்கு அடுத்து ஏட்ரியன் ஆடம்ஸ், மூன்றாவதுதான் லேண்டர். நாங்கள் ஃப்ரிட்ஜில் அடித்துவிட்ட ஸ்ட்ரிங்கர் அங்கே நான்காவது இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்! முதல் பெயரில் எனக்கும் மனைவிக்கும் முழு உடன்பாடு. ஆகவே இரண்டாம் இடத்துக்குச் சண்டை போட்டோம். முற்போக்காளர்கள் கூடினால் சண்டைக்கு விஷயம் தேவையில்லை, இரண்டாம் இடம் போதும்.

இந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர்கள் வேட்பாளர்களே. மம்தானியும் லேண்டரும் தேர்தலுக்குச் சில நாள் முன்பு ஒருவரை ஒருவர் ஆதரித்தார்கள்: எனக்கு முதல் இடம் கொடு, அவருக்கு இரண்டாம் இடம் கொடு என்று இருவரும் கேட்டார்கள். "பங்காளிங்க இப்படி இருந்தா நம்ம ஊர்ல கோர்ட்டே வேண்டாமே" என்றாள் மனைவி. எதிர்த்திசையிலும் அதிசயம் நடந்தது. ஜெசிகா ராமோஸ் தானும் களத்தில் இருந்துகொண்டே, மம்தானியின் முக்கியப் போட்டியாளர் ஆண்ட்ரூ குவோமோவுக்கு ஆதரவு தெரிவித்தார். தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்வாரா என்று எங்கள் தெருவில் பலருக்குச் சந்தேகம்.

நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் குழு 2024-லேயே உள்ளூர்த் தேர்தல்களில் இனி யாரையும் ஆதரிப்பதில்லை என்று அறிவித்திருந்தது. 2025 ஜூனில் தலையங்கம் எழுதி, மம்தானியை வரிசையில் சேர்க்கவே வேண்டாம் என்றது. கல்யாணப் பேச்சில் "நான் எதுவும் சொல்லலை, ஆனா அந்தப் பையன் வேண்டாம்" என்கிற பெரியப்பா மாதிரி.

இனி என் மாடிக்கு வருகிறேன். மம்தானியின் முக்கிய வாக்குறுதி, வாடகையை உயரவிடாமல் நிறுத்தி வைப்பது. மேடையில் அவர் சொன்னபோது கை தட்டினேன். வீட்டுக்கு வந்ததும் கை நின்றது. ராத்திரி முழுக்கப் படித்தேன். என் வாழ்நாளில் ஒரு தேர்தல் அறிக்கையை அவ்வளவு சிரத்தையாக வாசித்ததில்லை. அந்த வாக்குறுதி வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சுமார் 10 லட்சம் வீடுகளுக்கு மட்டும். பெரும்பாலும் 1974-க்கு முன் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடங்கள். உயர்வை முடிவு செய்யும் ஒன்பது பேர் கொண்ட வாரியத்தை மேயர் நியமிக்கிறார். எங்கள் வீட்டில் குடியிருப்பு இரண்டே! விடிவதற்குள் நான் மறுபடியும் முற்போக்குவாதி ஆகிவிட்டேன். "உங்க கொள்கைக்கு ஆறாவது குடித்தனம் வராம இருக்கணும்" என்று மனைவி ஆசீர்வதித்தாள்.

பிரைமரியின் இறுதிச் சுற்றில் மம்தானி 56 சதவீதம் பெற்று குவோமோவை வென்றார். குவோமோ தரப்பை ஆதரித்த ஒரு குழு 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அதில் கணிசமான பங்கு எங்கள் தபால் பெட்டியில் பளபள தாளாக விழுந்ததாகவே என் கணிப்பு.

நவம்பரில் அடுத்த கூத்து. நியூயார்க்கில் ஒரே வேட்பாளர் இரண்டு கட்சிகளின் பெயரில் நிற்கலாம், வாக்குகள் கூட்டப்படும். மம்தானி ஜனநாயகக் கட்சி வரிசையிலும் வொர்க்கிங் ஃபேமிலிஸ் வரிசையிலும் இருந்தார். நான் முதல் வரிசையில் போட்டேன், மனைவி இரண்டாவதில். இருவரும் ஒரே ஆளுக்குத்தான் போட்டோம். ஆனாலும் யார் அதிக முற்போக்கு என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. 10 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கி அவர் மேயரானார்.

சிபாரிசுப் பட்டியலைப் பார்த்து ஓட்டுப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினோரு பேரின் ஜாதகத்தையும் படிக்க யாருக்கு நேரம்? ஆனால் யார் கொடுத்த பட்டியல், கொடுத்தவருக்கு என்ன வேண்டும், உங்கள் மாடிக்கு அதனால் என்ன ஆகும் என்று ஒரு தரம் பாருங்கள். மேயர் பெயரோடு நிறுத்திவிடாமல் நகர சபை உறுப்பினர் வரைக்கும் வாசியுங்கள். வாசலில் குப்பை அள்ளாத நாளில் நீங்கள் போன் போடப்போவது அவருடைய அலுவலகத்துக்குத்தான்.