இருபத்தொன்பது கிலோ மெல்லிசை

கிட்டாரில் ராக் வாசிக்கிறவர்களுக்கு ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், வாங்குவது சுலபம். ஐந்து வாட் வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கி, வால்யூம் குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டால் போதும். உள்ளே இருக்கிற வால்வுகள் தாங்க முடியாமல் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்குத்தான் ராக் ரசிகர்கள் டிக்கெட் வாங்குகிறார்கள்.

ஜாஸ் வாசிக்க ஆசைப்படுகிறவன் பாடுதான் திண்டாட்டம். அவனுக்குக் கரகரப்பு ஆகாது. தந்தியைச் சுண்டினால் ஒலி சுத்தமாக, உருண்டு திரண்டு வர வேண்டும். சுண்டிய அந்த ஒரு நொடியில் ஒலி சட்டென்று எகிறும். அப்போதும் வால்வு தன் எல்லையைத் தொடக் கூடாது. அதற்கு எல்லை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். அதாவது, சத்தமே வேண்டாம் என்கிறவனுக்குத்தான் கடையிலேயே பெரிய ஆம்ப் தேவை. இதை என் மனைவியிடம் விளக்கினேன்.

"ஏங்க, சத்தம் வராம இருக்கறதுக்கா ஒரு லட்ச ரூபா?" என்றாள்.

ஜாஸ் கிட்டாரின் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த ஆசை பொத்தேரியில் வந்ததுதான் விசேஷம். ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலை. ஏர் ஹாரன் அடிக்காத பஸ்ஸை நான் அங்கே பார்த்ததில்லை. பக்கத்திலேயே தண்டவாளம். இங்கே நிற்காத எக்ஸ்பிரஸ் வண்டிகள், நிற்கப்போவதில்லை என்பதை ஊரப்பாக்கத்திலிருந்தே அறிவித்துக்கொண்டு வரும். மேல்வீட்டில் கல்லூரி மாணவர்கள். அவர்கள் பாட்டுப் போட்டால் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் தாளம் போடும். கீழ்வீட்டில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர். ரயில் சத்தத்தைத் தவிர வேறெந்தச் சத்தமும் அவருக்கு ஆகாது.

மேல்வீட்டுப் பையன் யோசனை சொன்னான்: "அங்கிள், எல்லா ஆம்பும் இப்ப ஒரே பெடலுக்குள்ள வந்துடுச்சு. ஹெட்போன் மாட்டிக்கோங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

கீழ்வீட்டுப் பெரியவர் வேறு விதமாக வந்தார். "ஜாஸா? ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு ஆங்கிலோ இந்தியக்காரங்க வாசிப்பாங்களே, அதானே? அதெல்லாம் நமக்கு எதுக்கு சார்?" ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போன கிட்டார் பிரசன்னாவைப் பற்றிச் சொன்னேன். ஒரே எலெக்ட்ரிக் கிட்டாரில் தியாகராஜர் கீர்த்தனையும் ஜாஸும் வாசிக்கிறவர். இங்கிருந்து தெற்கே, செய்யூர்ப் பக்கம் ஸ்வர்ணபூமி இசைக் கல்விக்கூடத்தைத் தொடங்கி நடத்தியவர். பெரியவர் யோசித்துவிட்டு, "அவர் ஐஐடி. நீங்க?" என்றார்.

உண்மையில் ஜாஸ் கிட்டாரின் கதையும் நம் நாடக மேடையின் கதையும் ஒன்றுதான். மைக் வருவதற்கு முன்னால் ஐந்து கட்டையில் பாடினால்தான் கடைசி வரிசைக்காரன் காசுக்குப் பாட்டுக் கேட்கும். குரல் சிறுத்தவன் எவ்வளவு ஞானஸ்தனாக இருந்தாலும் பின்பாட்டுத்தான். அமெரிக்காவில் கிட்டாருக்கு அந்த கதி. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்குகிற இடத்தில் அது ஓரமாக உட்கார்ந்து சக் சக் என்று தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. 1936-ல் கிப்சன் கம்பெனி ஈஎஸ்-150 என்ற மின்கிட்டாரைக் கொண்டுவந்தது. 1939-ல் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதை ஈஎச்-150 என்ற சின்ன வால்வு ஆம்பில் செருகிக்கொண்டு பென்னி குட்மன் குழுவில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் கிட்டார் ஓரத்திலிருந்து நடுமேடைக்கு நகர்ந்தது. 1942-ல், 25 வயதில், அவர் இறந்துபோனார். அந்தச் சின்ன ஆம்ப் போட்ட பாதையில்தான் எல்லாரும் இன்றைக்கும் நடக்கிறார்கள். ஆம்ப் மட்டும் பெரிதாகிக்கொண்டே போய்விட்டது.

எவ்வளவு பெரிது என்றால், சுத்தமான ஒலிக்கு உதாரணமாகச் சொல்லப்படும் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், 1963-ல் வந்தது, 85 வாட். 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, 6எல்6 பவர் வால்வு நான்கு. எடை 29 கிலோ. நம் வீட்டு கேஸ் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது என்ன எடையோ ஏறக்குறைய அதே எடை. சிலிண்டருக்காவது உருட்டிக்கொண்டு போகிற வசதி உண்டு. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் உண்டு. அது ஓடுகிற நாளும் வருஷத்தில் உண்டு. கேஸ் போடுகிறவரிடம் விசாரித்துப் பார்த்தேன். "மூணாவது மாடின்னா தனி ரேட் சார். உள்ள என்ன இருந்தா எனக்கென்ன?" என்றார்.

இவ்வளவு எடையைச் சுமந்து என்ன லாபம் என்று கணக்குப் போட்டேன். ட்வினுக்குத் தம்பி டீலக்ஸ் ரிவர்ப்: 22 வாட், 6வி6 வால்வு இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 19 கிலோ. வாட் நான்கு மடங்கானால் சத்தமும் நான்கு மடங்காகும் என்று நினைப்போம். காது அப்படி நினைப்பதில்லை. வாட்டை இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல். காதுக்கு இரு மடங்கு என்று தோன்ற வேண்டுமானால் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆக, 22-லிருந்து 85-க்குப் போனால் கிடைப்பது 6 டெசிபலுக்கும் குறைவு. அதற்குப் பத்துக் கிலோவும் பல்லாயிரம் ரூபாயும்.

இந்த ரகசியத்தை எனக்குப் புரியவைத்தவர் கூடுவாஞ்சேரிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது குழாய் கட்டுகிறவர். "சார், வாட்ஸ் வாட்ஸ்னு எல்லாரும் ஏமாறுறாங்க. பழைய ஆம்ப்தான், சின்னதுதான். ஆனா தென்னமரத்துல ரெண்டு குழாய் கட்டிப் பாருங்க, அடுத்த ஸ்டேஷன்ல இருக்கறவன் எந்திரிச்சி உக்காருவான். ஆம்ப் கத்தாது சார். ஸ்பீக்கர்தான் கத்தும்."

இயற்பியல் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது, இவ்வளவு அழகாக இல்லை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓர் எண் உண்டு. 100 டெசிபல் என்று போட்டிருக்கிற நல்ல கிட்டார் ஸ்பீக்கரே, கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுக்குத்தான் சத்தமாக்கும், மீதியெல்லாம் சூடு. 94 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்பின் வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். ட்வின் 29 கிலோவில் செய்வதை ஒரு ஸ்பீக்கர் மாற்றம் நாலைந்து கிலோவில் செய்துவிடும்.

அதற்காக அண்ணன் குழாயையே கொடுக்க முன்வந்தபோது மறுத்துவிட்டேன். கிட்டார் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நொடிக்கு 5000 சைக்கிளுக்கு மேல் பெரும்பாலும் வாய் திறக்காது. ஜாஸுக்கு வேண்டிய இருண்ட, பஞ்சான ஒலி அந்த அடக்கத்தால்தான் வருகிறது. குழாய்க்கு அடக்கம் கிடையாது. ஸ்பீக்கரில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. பெட்டியின் பின்புறம் திறந்திருந்தால் ஒலி அறை முழுக்கப் பரவும். பாதி சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போகும். மூடிய பெட்டியில் அடிநாதம் இறுகி நிற்கும். உள்கூடான ஜாஸ் கிட்டாருக்கு அடிநாதம் அளவு மீறினால், கிட்டார் தன் குரலைத் தானே கேட்டு, கல்யாண மண்டபத்து மைக் மாதிரி 'கூ' என்று ஊளையிடும். ஆகவே 12 அங்குலம் போதும். 15 அங்குலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் கீழ்வீடு காலியாகும் வரை காத்திருக்கலாம்.

அடுத்தது மின்சாரம். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்குப் பிறந்தது. நம் பிளக்கில் 230. நடுவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் இறங்கும், ஆனால் 60 சைக்கிளுக்குச் செய்த ஆம்ப் நம் 50 சைக்கிளில் கூடுதலாகச் சூடாகும். கத்திரி வெயிலில் அறைக்குள் இன்னொரு அடுப்பு எதற்கு? 230 வோல்ட், 50 சைக்கிள் என்று முதுகில் எழுதியிருக்கிற ஆம்பையே தேடுங்கள்.

அப்படியும் சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஏசி ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கும். வால்வுக்கு வோல்டேஜ் இறங்கினால் எல்லை கிட்டே வந்துவிடும், சீக்கிரமே கரகரக்கும். அமெரிக்காவில் எட்டி வான் ஹேலன் இதற்கென்றே வேரியாக் வாங்கி, ஆம்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து, உலகப் புகழ் பெற்ற ஒரு ராக் ஒலியைக் கண்டெடுத்தார். பொத்தேரியில் அந்த ஒலி மே மாதம் முழுக்க இலவசம். ஜாஸ்காரன் மட்டும் ஸ்டெபிலைசர் வாங்க வேண்டும்.

மின்சாரம் இன்னோர் உபகாரமும் செய்கிறது. 50 சைக்கிள் மின்சாரம் ஆம்புக்குள் நேர்மின்சாரமாக மாறும்போது 100 சைக்கிளில் ஒரு மெல்லிய 'ம்ம்ம்' மிஞ்சும். கணக்குப் பார்த்தால் அது ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில் நிற்கிறது. பழைய வால்வு ஆம்பை ஆன் செய்தால் சுருதிப் பெட்டி தனியாக வேண்டாம்.

ரிச்சி தெருவில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் ஈஎல்84 வால்வு ஒன்றைக் காட்டினேன். "இது எங்கப்பா காலத்து ரேடியோவுல இருக்குமே சார்!" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். உண்மைதான். அறுபதுகளில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியே ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. நம் தாத்தாக்கள் இலங்கை வானொலி கேட்ட அதே ஜாதி வால்வு நான்கைப் போட்டுத்தான் பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏசி30 ஆம்பும் ஓடியது. இன்றைக்குப் புது வால்வு ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனாவிலிருந்து வருகிறது. மெக்கானிக் காசு வாங்காமல் ஒரு புத்தியும் சொன்னார்: "பிளக்கைப் பிடுங்கிட்டோம்னு உள்ள கைய வெக்காதீங்க. கண்டென்சர்ல நானூறு வோல்ட் குந்திக்கினு இருக்கும்."

இவ்வளவும் படித்த பிறகுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. ஜாஸ் மேதை ஜோ பாஸ் பல காலம் வாசித்தது பாலிடோன் ஆம்பில். அதில் வால்வே கிடையாது, டிரான்ஸிஸ்டர். 1975-ல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ், பெயரிலேயே ஜாஸை வைத்துக்கொண்டு, அதுவும் டிரான்ஸிஸ்டர். இதை மனைவியிடம் சொல்லாமல் இருப்பதே குடும்ப நலனுக்கு உகந்தது.

ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ் மாண்ட்கோமரி கதையை மட்டும் சொன்னேன். இண்டியானாபோலிஸில் பகலெல்லாம் தொழிற்சாலை வேலை. ராத்திரியில் ஆம்ப் போட்டுச் சாதகம் செய்தால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வந்தார்கள். மனிதர் தந்தியைச் சுண்டுகிற பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டை விரல் சதையால் தந்தியை வருட ஆரம்பித்தார். ஜாஸ் உலகத்தின் மிக மென்மையான கிட்டார் ஒலி அப்படித்தான் பிறந்தது. அதைக் கேட்டதும் மனைவி, "அந்தத் தெருக்காரங்க நல்லவங்க" என்றாள்.

என் தீர்ப்பு இதுதான். அடுக்குமாடிக்கு 12-லிருந்து 22 வாட் வரை தாராளம். மிச்சமாகிற பணத்தை 100 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு 12 அங்குல ஸ்பீக்கரில் போடுங்கள். கிட்டாரில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பையும் வழவழப்பான ஃப்ளாட் வவுண்ட் தந்தியையும் வையுங்கள்; பாதி ஜாஸ் அங்கேயே வந்துவிடும். மீதிக்குக் கட்டை விரல் இருக்கிறது. கடையில் சோதித்துப் பார்க்கும்போது வால்யூம் குமிழை இரண்டுக்கு மேல் திருகாதீர்கள். வீட்டில் அதற்கு மேல் திருக யாரும் உங்களை விடப்போவதில்லை.