செவுள் பார்க்காத ஏலம்

மணப்பாட்டுக் கரையில் சீலா மீனை ஏலம் கேட்பவர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இல்லையென்றால் நடையைக் கட்டிவிடுவார். 2023 டிசம்பரில் துபாயில் அந்தச் சோலியெல்லாம் இல்லை. 2015க்குப் பிறகு ஐபிஎல் ஆடாத மிட்செல் ஸ்டார்க்கைக் கொல்கத்தா 24.75 கோடிக்கு எடுத்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் எட்டு ஓவர், நூறு ரன், விக்கெட் பூஜ்யம். கணக்குப்பிள்ளைக்கு நெஞ்சடைத்திருக்கும். 8 கோடி வாங்கிய நம்ம வருண் சக்கரவர்த்தி அந்த சீசனில் சத்தமில்லாமல் 21 விக்கெட் எடுத்தார், ஸ்டார்க் 17. ஆனால் சேப்பாக்கம் இறுதியாட்டத்தில் ஆட்ட நாயகன் ஸ்டார்க். கோப்பையும் கைக்கு வந்தது. பாடம் படித்த கொல்கத்தா, அடுத்த ஏலத்தில் அவரைக் கைகழுவிவிட்டு, வெங்கடேஷ் ஐயர்மேல் 23.75 கோடியைக் கொட்டியது. 2025இல் எட்டாம் இடம். நல்லவேளை, ஆடியவை பத்து அணிகள்.