மணற்காட்டில் ஒரு கேன்யன்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறி நின்று கீழே பார்க்கக்கூடிய இடங்கள் குறைவு. கோட்டை மதில், தண்ணீர்த் தாங்கி, பனைமரம். இவற்றில் பனை ஏற எங்களுக்குத் தெரியாது. இப்படித் தட்டையான சுண்ணக்கல் தரையில் வளர்ந்த பொடியன்களுக்கு 1969இல் வெளிவந்த 'மெக்கன்னாஸ் கோல்ட்' செய்த கெடுதல் கொஞ்சமல்ல. கிரகரி பெக்கும் ஒமர் ஷெரீப்பும் தங்கத்துக்கு அடிபட்டதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்குப் பின்னால் நின்ற அரிசோனா, யூட்டாப் பள்ளத்தாக்குகளைத்தான் வாய் பார்த்துக்கொண்டு இருந்தோம். அரிசோனாவுக்குப் போக வழியில்லை. பருத்தித்துறைக்கு 750ஆம் இலக்க பஸ் இருந்தது.

வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டித் தெற்கே போனால் மணல் தொடங்கும். குடத்தனை, மணற்காடு, அம்பன், நாகர்கோவில் என்று வடமராட்சி கிழக்குக் கரை நெடுகிலும் வெள்ளை மணல் மேடுகள். ஊரவர்களுக்கு அது கண்ணுக்குள் விழுகிற தொல்லை. எங்களுக்கு அது கேன்யன். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் படுத்துக்கொண்டு மேலே பார்த்துப் படம் எடுத்தால், மணல் ஒரு மலைச்சுவர்போல எழும்பி நிற்கும். சட்டத்துக்குள் ஒரு வடலி தப்பித் தவறி வந்துவிட்டால் அமெரிக்கா உடனே குடத்தனையாகிவிடும். ஆகவே வடலியை மறைப்பதே எங்கள் கலையின் பாதி.

கமரா ஒருவனுடைய மாமாவினது. கப்பலில் வேலை செய்த அவர் சிங்கப்பூரில் வாங்கிய யாஷிகா மேற் 124ஜி. குனிந்து மேலிருந்து பார்க்கிற கமரா. கண்ணாடியில் உருவம் இடம் வலம் மாறித் தெரியும். "வலப்பக்கம் போடா மச்சான்" என்றால், போகிறவன் சரியாகத்தான் போவான், சொன்னவன்தான் பிழையாகச் சொல்லியிருப்பான். அதற்குள் காற்று ஒரு கிழமையாக வரைந்த அலைவரியின் மேல் அவன் செருப்புத் தடம் விழுந்துவிடும். பிறகு சோளகக் காற்று அதை அழிக்கும்வரை பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். இப்போது போனில் ஒரு விரல் தடவினால் தடம் போய்விடுகிறது. சாப்பிட நேரமில்லை.

120 அளவு றோல் ஒன்றில் பன்னிரண்டு படம். சிறிமாவோ ஆட்சியில், 1970க்கும் 77க்கும் இடையில், பாணுக்கே வரிசை; பிலிமைப் பற்றி யாரிடம் கேட்பது? 1977இல் ஜே.ஆர். வந்து இறக்குமதிக் கதவைத் திறந்த பிறகுதான் கடைக் கண்ணாடிக்குள் மஞ்சள் பெட்டியும் பச்சைப் பெட்டியும் அடுக்கியிருந்தன. அடுக்கியிருந்தாலும் விலை எங்களைப் பார்த்துச் சிரித்தது. காசு சேர்த்து வாங்கிய றோலைச் சீதனக் காணிபோலப் பங்கு பிரிப்போம். ஆளுக்கு இவ்வளவு, மிச்சம் பொதுவில். ஒருவன் தன் பங்கை மேகம் ஒன்றுக்காக வைத்திருந்து, மேகம் வராமல் வீட்டுக்கே கொண்டுபோனதும் உண்டு.

மணலைப் படம் எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒளிமானி உலகத்தை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நம்பும். வெள்ளை மணலைக் காட்டினால் "வெளிச்சம் கூடிப்போச்சு, குறை" என்று புத்தி சொல்லும். அதன் சொல் கேட்டால் மணற்காடு அடுப்புச் சாம்பலாக வரும். ஒன்று, ஒன்றரை படி கூட்டித் திறந்தால்தான் மணல் மணலாகும். கறுப்பு வெள்ளைப் பிலிம் என்றால், வானம் வெளிறாமல் இருக்க வில்லைக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி. காலை எட்டு மணிக்கு முன்னர் கடல் பக்கத்து வெயில், பின்னேரம் தரைப் பக்கத்து வெயில். இடையில் நிழல் செத்துவிடும், மேடும் பள்ளமும் ஒரே தட்டு. இந்த அறிவெல்லாம் இப்போது போனுக்குள் யாரோ முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். நான் சொன்னால் பேரப்பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்கிறார்கள்.

மணற்காட்டின் பழைய அந்தோனியார் கோவில் எங்கள் தங்கச் சுரங்கம். ஒல்லாந்தர் காலத்தது என்று ஊரில் சொல்வார்கள். மணல் வந்து மூடியது போக மிஞ்சிய முருகைக்கல் சுவர்கள், கூரையில்லாத வாசல். அந்த வாசலுக்குள்ளால் மணலைப் பார்த்து எடுத்த படம் ஒன்றை இங்கிலாந்தில் இருந்த ஒருவனின் தமக்கைக்கு அனுப்பினோம். அதனால்தான் அது தப்பியது. நெகற்றிவ்கள் இருந்த பிஸ்கற் ரின் தப்பவில்லை. 1990இல் போரால் மின்சாரம் நின்றது, பற்றரிக்கும் தடை, பெருப்பிக்கும் கருவி மூலையில் கிடந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் செம்மணிப் பாதையால் தென்மராட்சிக்கு நடந்தபோது யார் நெகற்றிவ் தூக்கினார்கள்? திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. ரின்னைத் தேடுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக இருந்திருக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மணற்காட்டையும் விடவில்லை. அதைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு வராது.

இப்போது அங்கே நல்ல கூட்டம். ஸ்காபரோவிலும் லண்டனிலும் இருந்து கலியாணத்துக்கு வருகிற சோடிகளுக்கு மணற்காடு இல்லாமல் அல்பம் இல்லை. மேலே ட்ரோன், கீழே ஊதா நிறப் புகைக்குண்டு, நீளமான வெள்ளைக் கவுன். ஒட்டகம் ஒன்றுதான் குறை. "அக்கா, ஓடி வாங்கோ... மெதுவா ஓடுங்கோ!" என்று கமராக்காரத் தம்பி கத்துகிறான். மெதுவாக ஓடுவது எப்படி என்று மணப்பெண் யோசிப்பதற்குள் நூறு படம் விழுந்துவிடுகிறது. எல்லாப் பாலைவனத்தையும்போல இதுவும் ஆரஞ்சு நிறமாக மாற்றப்படுகிறது. நாங்கள் வடலியை மறைத்தோம், இவர்கள் நிறத்தையே மறைக்கிறார்கள். சீடர்கள்தான், சந்தேகமில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வீடு கட்ட மணல் வேண்டுமென்றால் இந்த மேடுகள்தான். 2009இல் போர் முடிந்த பிறகு வெளிநாட்டுக் காசில் மாடிகள் எழும்பத் தொடங்க, அனுமதியோடும் அனுமதியில்லாமலும், பெரும்பாலும் இரவில், ரிப்பரும் உழவு மெசினும் அம்பன், குடத்தனைப் பக்கம் ஓடின. மழைநீரைப் பிடித்து வைத்து உப்புக் கடலை எட்டி நிற்கச் செய்வது இந்த மணல் என்று தெரிந்தவர்கள் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். மேடு குறைந்தது. குறைந்த மேட்டில் நின்று எடுத்த கலியாணப் படம், அந்த மேட்டின் மணலால் பூசிய சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. ஒரு வகையில் மணல் தன் படத்தைத் தானே தாங்குகிறது.

இதற்கிடையில் பிலிம் செத்துப் பிழைத்த கதை தனி. 1935இல் வந்த கொடாக்குறோமை 2009இல் நிறுத்தினார்கள். 2012 ஜனவரியில் கொடாக் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இப்போது பிலிமுக்கு ஏங்குகிறவர்கள் பிலிம் வாங்குவதில்லை. பிலிமின் குறைகளை மட்டும் ஆப்பில் வாங்குகிறார்கள். பொருக்கு, கீறல், மங்கல், ஓரத்தில் ஒளிக்கசிவு. எங்கள் காலத்தில் இவை வந்தால் ஸ்ரூடியோக்காரரோடு சண்டை.

லண்டனில் தப்பிய படம் போன வருடம் என்னிடம் திரும்பி வந்தது. சதுரக் கலர்ப் படம். அதன் வலது ஓரத்தில் நெருப்பு நிறத்தில் ஒரு கோடு. நண்பன் ஒருவன் வெயிலுக்கு நேரே நின்று றோல் மாற்றியதன் விளைவு. அதற்காக அவனோடு நாங்கள் கனகாலம் கதைக்கவில்லை. மணற்காட்டில் கண்ட அந்தக் கமராக்காரத் தம்பி படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். அந்தோனியார் கோவில் வாசல், பின்னால் இன்றைக்கு அந்த உயரத்தில் இல்லாத மேடு. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"ஐயா, சோக்கான லைற் லீக்! இதை ஸ்கான் பண்ணித் தருவீங்களே? என்ரை படங்களுக்கு மேலை போடலாம்."

"முழுப் படத்தையும் எடு தம்பி."

"மணல் வேண்டாம் ஐயா. அது எங்களிட்டை நிறையக் கிடக்கு. கோடு மட்டும் காணும்."