கயிற்றை விடும் நேரம்

கேள்வி: ரூட் ஃபைல் சிஸ்டத்தை நெட்வொர்க் வழியாக எடுக்கும் கம்ப்யூட்டர்கள் ஷட்டவுன் பாதியில் உறைந்துபோவது ஏன்? (வாசகர், தொம்மலூர், பெங்களூரு)

பதில்: கிணற்றில் இறங்கியவர் மேலே வருமுன் கயிற்றை அறுத்தால் என்ன ஆகும்? அதேதான். 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் ரூட் இருந்தால், அணைக்கும் புரோகிராமே சர்வரிலிருந்துதான் வர வேண்டும். நெட்வொர்க்கை முதலில் நிறுத்தினால் அதைப் படிக்க வழியில்லை; ஹார்ட் மவுன்ட் முறையில் இணைத்த ரூட் பிழை சொல்லி விலகாது, 'நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்' என்ற வரியோடு கேட்டுக்கொண்டே நிற்கும். ஆகவே மிச்சத் தரவை சர்வரில் எழுதி முடித்து, ரூட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றி, நெட்வொர்க்கைத் தொடாமலே பவரை நிறுத்துவதுதான் சரி. சிஸ்டம்டி நெட்வொர்க்டியில் 'கீப்கான்ஃபிகரேஷன்' என்ற அமைப்பு இதற்கு உதவும். ஐ.பி. முகவரியைத் திருப்பித் தராமல் போகலாமா என்பீர்கள். முகவரியை வழங்கும் டி.எச்.சி.பி.யின் குத்தகைக்குக் கெடு உண்டு, தானே முடியும். முகவரி அதுவரை சும்மா கிடக்கட்டும். கோப்பு அரைகுறையாக நின்றால்தான் நஷ்டம்.